கூடவே கணிதமும்

1936-ஆம் ஆண்டின் வசந்த காலம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த ஓர் இளைஞர், அறிவிப்புப் பலகையில் ஒரு அஞ்சலட்டை குத்தியிருப்பதைப் பார்த்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் வன்னேவர் புஷ் என்ற பேராசிரியர் உருவாக்கியிருந்த கணக்கிடும் இயந்திரத்தை இயக்க உதவியாளர் தேவை என்றது அந்த அட்டை. தண்டுகளும் பற்சக்கரங்களும் மோட்டார்களும் நிறைந்து ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த இயந்திரம் அது. அது தீர்த்துத் தந்தவையோ வகைக்கெழுச் சமன்பாடுகள். அதைக் கையாள மின்பொறியியலும் தெரிந்திருக்க வேண்டும், கணிதமும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இளைஞருக்கு இரண்டும் தெரியும். கிளாட் ஷானன் என்ற அவர் மின்பொறியியலில் ஒன்று, கணிதத்தில் ஒன்று என்று அந்த ஆண்டு இரண்டு இளநிலைப் பட்டங்கள் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 20. பெரிய திட்டம் எதுவும் போட்டு அவர் இரண்டைப் படிக்கவில்லை. எது தனக்கு அதிகம் பிடிக்கிறது என்று முடிவு செய்ய முடியாததால் இரண்டையும் எடுத்ததாகப் பின்னாளில் சொன்னார்.

எம்.ஐ.டி.யில் புஷ்ஷின் இயந்திரத்தைக் கட்டுப்படுத்திய பகுதியில் ரிலே எனப்படும் மின்சுவிட்சுகள் ஏராளமாக இருந்தன. எந்த ரிலே எப்போது மூடும், எது எப்போது திறக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மிச்சிகனில் படித்த வேறொரு பாடம் ஷானனுக்கு நினைவு வந்தது. ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் 1854-இல் வெளியிட்ட நூலில், உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துத் தர்க்கத்தைக் கணக்குப் போல் எழுதிக் காட்டியிருந்தார். சுவிட்சுக்கும் இரண்டே நிலைதான்: ஒன்று மூடியிருக்கும், இல்லாவிட்டால் திறந்திருக்கும். இரண்டு சுவிட்சுகளை வரிசையாக இணைத்தால் இரண்டும் மூடினால்தான் மின்சாரம் ஓடும். அது தர்க்கத்தில் வரும் 'இதுவும் அதுவும்'. பக்கவாட்டில் இணைத்தால் ஏதாவது ஒன்று மூடினாலே ஓடும். அது 'இதுவோ அதுவோ'.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறுகிறது. இரண்டு சுவிட்சுகளும் வெவ்வேறு பக்கம் இருந்தால் எரிகிறது, ஒரே பக்கம் இருந்தால் அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சுவிட்சின் ஒரு பக்கத்தை 0 என்றும் மறுபக்கத்தை 1 என்றும் எழுதிப் பார்த்தால், 0-உம் 0-உம் சேர்ந்தால் 0. 0-உம் 1-உம் சேர்ந்தால் 1. 1-உம் 1-உம் சேர்ந்தால் மீண்டும் 0. இரும எண்களைக் கூட்டும்போது ஓர் இலக்கத்தில் வரும் விடை அப்படியே இதுதான். 1-உம் 1-உம் சேரும்போது அடுத்த இலக்கத்துக்குப் போக வேண்டிய 1-க்கு இன்னொரு இணைப்பு போட்டுவிட்டால் போதும், சுவிட்சுகள் கூட்டல் கணக்குப் போடத் தொடங்கிவிடும். 1937-இல் ஷானன் எழுதிய முதுநிலை ஆய்வேட்டில் இருமக் கூட்டலுக்கான மின்சுற்று ஒன்றும் இருந்தது. இன்றைய கணினிச் சில்லுகள் ஒவ்வொன்றின் அடியிலும் அந்த ஆய்வேட்டின் கருத்து இருக்கிறது.

இந்த இரண்டு துறைகளும் ஒரே நேரத்தில் தெரிந்தவர்கள் வேறு யாரும் அப்போது இல்லாமல் போனதுதான் விஷயம் என்ற பொருளில் ஷானன் பின்னர் அடக்கமாகச் சொல்லியிருக்கிறார். ரிலே தெரிந்த எஞ்சினியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பூலின் இயற்கணிதம் தெரிந்த தர்க்கவியலாளர்களும் இருந்தார்கள். இரண்டு வகுப்பறைகளிலும் உட்கார்ந்து எழுந்த ஒரு மாணவர்தான் தேவைப்பட்டார்.

அல்லைடு வேறு, டபுள் மேஜர் வேறு

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு மேஜர், அல்லைடு என்ற சொற்கள் பழக்கமானவை. பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் அல்லைடு பாடமாகக் கணிதம் படிப்பார். ஒன்றிரண்டு ஆண்டுகளில் அது முடிந்துவிடும். பட்டம் இயற்பியலில்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாக உள்ள 'டபுள் மேஜர்' முறையில், மாணவர் இரண்டு துறைகளின் நிபந்தனைகளையும் முழுமையாக நிறைவேற்ற வேண்டும். இயற்பியல் துறை கேட்கும் அத்தனை பாடங்களும், கணிதத் துறை கேட்கும் அத்தனை பாடங்களும். பெரும்பாலும் ஒரே பட்டத்தில் இரண்டு மேஜர்களும் பதிவாகும். ஷானனைப் போல இரண்டு தனிப் பட்டங்கள் வாங்குவது 'டூயல் டிகிரி'. அதற்குப் பல இடங்களில் கூடுதல் கிரெடிட்டுகள் வேண்டும்.

நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்பது அங்கே வழக்கமான அளவு. ஒரு பாடத்துக்கு மூன்று அல்லது நான்கு கிரெடிட். பதினெட்டு வயதில் சேரும்போதே மேஜரை முடிவு செய்துவிட வேண்டும் என்ற கட்டாயம் பல கல்லூரிகளில் இல்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சொன்னால் போதும். இந்த இடைவெளியில்தான் பல மாணவர்களுக்கு, கூடவே கணிதத்தையும் எடுத்தால் என்ன என்ற எண்ணம் வருகிறது.

அந்த எண்ணம் இயற்பியல், பொறியியல், கணினி அறிவியல் மாணவர்களுக்கு அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. நுண்கணிதத்தின் மூன்று பகுதிகள், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவற்றை இயற்பியல் துறையே எப்படியும் படிக்கச் சொல்லும். கணித மேஜரின் பாடப்பட்டியலை எடுத்துப் பார்க்கும் இரண்டாம் ஆண்டு மாணவர், அதில் கிட்டத்தட்டப் பாதியை ஏற்கெனவே முடித்துவிட்டதைக் காண்கிறார். இன்னும் ஆறேழு பாடங்கள்தானே என்று தோன்றுகிறது.

கணக்கு சரிதான். ஆனால் அந்த மிச்சப் பாதி, முடிந்த பாதியின் தொடர்ச்சி போல இருக்காது. இரண்டாவது மேஜராகக் கணிதத்தை எடுக்க நினைக்கும் ஒவ்வொரு மாணவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

படத்தில் தெரிந்தால் போதாதா?

முதல் பாதியில் கணிதம் என்றால் கணக்குப் போடுவது. தொகையிடு, சமன்பாட்டைத் தீர், விடையை எழுது. இரண்டாம் பாதியில் வருபவை ரியல் அனாலிசிஸ் எனப்படும் மெய்யெண் பகுப்பாய்வு, குலங்களையும் வளையங்களையும் பேசும் நுண்புல இயற்கணிதம், இடத்தியல் போன்றவை. இங்கே விடை பெரும்பாலும் கேள்வியிலேயே இருக்கும். 'இது உண்மை என்று நிறுவு' என்று மட்டும் கேட்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கோடு காகிதத்தில் கையெடுக்காமல் வரையப்படுகிறது. தொடங்கும்போது பூச்சியத்துக்குக் கீழே இருக்கிறது, முடியும்போது மேலே இருக்கிறது. நடுவில் எங்கோ ஓரிடத்தில் அது பூச்சியத்தைத் தொட்டிருக்க வேண்டும். சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனவர் நடுக்கோட்டைத் தாண்டாமலா போயிருப்பார்? முதலாம் ஆண்டு நுண்கணித வகுப்பில் இதை ஒரு படம் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

பகுப்பாய்வு வகுப்பில் பேராசிரியர் அங்கேயே நிறுத்துவார். எண்கள் என்றால் பின்னங்கள் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பார். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கி 2-ஐக் கழிக்க வேண்டும். 1-ஐப் போட்டால் விடை கழித்தல் 1, பூச்சியத்துக்குக் கீழே. 2-ஐப் போட்டால் விடை 2, பூச்சியத்துக்கு மேலே. அப்படியானால் 1-க்கும் 2-க்கும் நடுவில் ஓரிடத்தில் விடை பூச்சியமாக வேண்டும். 1.4 போட்டால் கொஞ்சம் குறைகிறது, 1.5 போட்டால் கூடுகிறது, 1.41 குறைகிறது, 1.42 கூடுகிறது. எத்தனை நெருங்கினாலும் எந்தப் பின்னமும் சரியாகப் பொருந்தாது, ஏனென்றால் 2-இன் வர்க்கமூலம் பின்னமே அல்ல. பின்னங்கள் மட்டுமே இருக்கும் உலகில் சாலையைக் கடந்தவர் நடுக்கோட்டில் கால் வைக்காமலேயே அந்தப் பக்கம் போய்விட்டார்!

அப்போதுதான் மாணவருக்கு உறைக்கிறது. படத்தில் கண்கூடாகத் தெரிந்த உண்மை, கோட்டின் வளைவைப் பொறுத்தது அல்ல. எண்களுக்கு நடுவில் ஓட்டை இல்லை என்பதைப் பொறுத்தது. ஓட்டை இல்லை என்று எப்படிச் சொல்வது, அதை எந்த வரையறையால் பிடிப்பது என்று தேடிப் போவதுதான் அந்தப் பாடம். அங்கே எண்களைப் போட்டுக் கணக்கிடும் வேலை அரிதாகவே வரும். பொறியியல் வீட்டுப்பாடத்தில் பத்துக் கணக்குகளை ஒரு மாலையில் முடித்துப் பழகியவர், இங்கே ஒரே கேள்வியோடு இரண்டு நாள் உட்கார்ந்திருக்க நேரும். அதில் சுவை கண்டவர்களுக்கு இரண்டாம் பாதி பெரிய விருந்து. கண்டிராதவர்களுக்கு அது சிரமமான இரண்டு ஆண்டுகள்.

இதற்காகவே பல கணிதத் துறைகள் 'நிறுவலுக்கு அறிமுகம்' என்ற வகையில் ஒரு பாடத்தை இடையில் வைத்திருக்கின்றன. இரண்டாவது மேஜரைப் பதிவு செய்யுமுன் அந்த ஒரு பாடத்தை மட்டும் படித்துப் பார்ப்பது நல்லது. ஒரு பருவத்திலேயே மனசுக்குத் தெரிந்துவிடும்.

எதனோடு சேர்ந்தால் என்ன?

செர்கே பிரின் 1993-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல், கணிதம் இரண்டிலும் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பேஜ்ரேங்க் முறை கூகுளின் தொடக்கமாக அமைந்தது. முக்கியமான பக்கங்கள் எதைச் சுட்டுகின்றனவோ அந்தப் பக்கமும் முக்கியமானது என்பது அதன் அடிப்படை. கேட்கும்போது இது சுற்றிச் சுற்றி வருவது போல இருக்கும்: ஒன்றின் மதிப்பு மற்றொன்றைப் பொறுத்தது, அதன் மதிப்பு இதைப் பொறுத்தது. நேரியல் இயற்கணிதம் படித்தவருக்கு இந்தச் சுழல் பழைய நண்பர். பக்கங்களையும் இணைப்புகளையும் மிகப் பெரிய அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதி, அதன் ஐகன்வெக்டர் எனப்படும் சிறப்புத் திசையனைக் கண்டுபிடித்தால் எல்லாப் பக்கங்களின் மதிப்பும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும்.

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு வேறு காரணம். அமெரிக்காவில் பொருளாதாரத்தில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பவர்களின் மதிப்பெண் பட்டியலில் ரியல் அனாலிசிஸ் இருக்கிறதா என்று துறைகள் கவனிக்கின்றன. பொருளாதார மேஜருக்கு அந்தப் பாடம் பொதுவாகக் கட்டாயமில்லை. எனவே ஆராய்ச்சிக்குப் போக விரும்புவோர் கணிதத்தைக் கூடவே எடுப்பது சாதாரணமாகிவிட்டது. காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி எனப்படும் இடர்க் கணிப்பாளர் ஆக நினைப்பவர்களும் அப்படியே. அவர்கள் எழுதும் தொழில்முறைத் தேர்வுகளின் தொடக்கமே நிகழ்தகவுதான்.

அறிவியலோடுதான் கணிதம் சேரும் என்பதும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த கேத்தரின் ஜான்சன் 1937-இல், 18 வயதில், கணிதத்திலும் பிரெஞ்சு மொழியிலும் பட்டம் பெற்றார். கருப்பினப் பெண் ஒருவருக்குக் கணித ஆராய்ச்சியில் வேலை கிடைக்காத காலம் அது. பள்ளி ஆசிரியராகப் போனார். இரண்டு படிப்பும் அங்கே கைகொடுத்தன. 1953-இல்தான் நாசாவின் முன்னோடி அமைப்பில் சேர்ந்தார்.

மணி நேரமும் கால அட்டவணையும்

இரண்டு மேஜருக்கும் சேர்ந்து நேரம் அதிகரிப்பதில்லை, நான்கு ஆண்டுகள்தான். ஆகவே எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதலில் போவது விருப்பப் பாடங்கள். வரலாறு, இசை, வேறொரு மொழி என்று வெளியே எட்டிப் பார்க்கும் இடங்கள் மூடிக்கொள்கின்றன. அடுத்துப் போவது முதல் மேஜரின் ஆழம். கடைசி ஆண்டில் ஆய்வகத்தில் செலவிட வேண்டிய மாலைகளை இரண்டாவது மேஜரின் வீட்டுப்பாடம் எடுத்துக்கொண்டால், இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மாணவருக்கு அது நட்டம்.

இன்னொரு சிக்கல் கால அட்டவணை. மேல்நிலைக் கணிதப் பாடங்களைப் பல துறைகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்துகின்றன. பகுப்பாய்வின் முதல் பகுதி இலையுதிர் பருவத்தில், இரண்டாம் பகுதி வசந்தப் பருவத்தில் என்று இருக்கும். மூன்றாம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் அதைத் தவறவிட்டவர் அடுத்ததை நான்காம் ஆண்டில்தான் பிடிக்க முடியும். அதே நேரத்தில் முதல் மேஜரின் ஆய்வகமும் மோதினால் படிப்பு ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விடும். அங்கே ஒரு பருவத்தின் கட்டணம் சிறிய தொகை அல்ல. ஒரே பாடத்தை இரண்டு மேஜருக்கும் எத்தனை தடவை கணக்கில் காட்டலாம் என்பதற்கும் கல்லூரிக்குக் கல்லூரி வரம்பு உண்டு. மீதமுள்ள எல்லாப் பருவங்களையும் ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் என்று எழுதி, இரண்டு துறை ஆலோசகர்களிடமும் காட்டிவிடுவதுதான் பாதுகாப்பு.

ஐந்தாறு பாடங்களோடு முடியும் 'மைனர்' என்ற வழியும் இருக்கிறது. தன் துறைக்கு வேண்டிய கணிதம் கைக்கு வந்தால் போதும் என்பவருக்கு அது தாராளமாகப் போதும். பட்டத்தில் இன்னொரு வரி சேரட்டும் என்பதற்காக மட்டும் பகுப்பாய்வையும் நுண்புல இயற்கணிதத்தையும் இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் கேட்கப்போவது எத்தனை மேஜர் என்பதை அல்ல, என்ன செய்யத் தெரியும் என்பதை.

அப்பாவின் விருப்பமும் பிள்ளையின் விருப்பமும்

இரண்டு படிப்பு என்பது சில நேரங்களில் வீட்டில் செய்துகொள்ளும் சமரசமாகவும் இருந்திருக்கிறது. ஹங்கேரியில் கணித அறிஞர் ஜான் வான் நாய்மனின் தந்தை வங்கியாளர். கணிதம் படித்தால் வருமானம் வராதே என்று கவலைப்பட்டார். மகன் இரண்டையும் செய்தார்: சூரிச்சில் வேதிப்பொறியியல், புடாபெஸ்ட்டில் கணிதம். 1926-இல் இரண்டு பட்டங்களும் கையில் இருந்தன. வேதிப்பொறியியல் பிழைப்புக்குத் தேவைப்படவேயில்லை.

சென்னையிலும் இப்படி ஒரு வீடு இருந்தது. எஸ். சந்திரசேகர் 1920-களில் மாநிலக் கல்லூரியில் கணிதம் படிக்க ஆசைப்பட்டார். தந்தையின் விருப்பம் இயற்பியல். இயற்பியல் ஹானர்ஸில் சேர்ந்துகொண்டு, கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார். அவர் காலத்தில் அதற்கு டபுள் மேஜர் என்ற பெயரோ சான்றிதழோ கிடையாது. விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய அவரது வாழ்நாள் ஆய்வுகளைப் புரட்டுபவர்களுக்கு, அந்தக் கணிதம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இன்று இந்தியாவில் விதிகள் மாறியிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில், ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்க வழி திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட இளநிலைக் கிரெடிட் சட்டகத்தில் டபுள் மேஜருக்கும் இடம் கொடுத்தது. இரண்டாவது துறையிலிருந்து குறைந்தது 40 விழுக்காடு கிரெடிட் பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 120 கிரெடிட் கொண்ட மூன்றாண்டுப் பட்டத்தில் அது 48. 160 கிரெடிட் கொண்ட நான்காண்டுப் பட்டத்தில் 64. எந்தக் கல்லூரி இதை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது, எந்தத் துறைகளைச் சேர்க்க முடியும் என்பதைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டையும் ஒரே பாடத்திட்டமாக நெய்து தரும் இடம் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பு உண்டு. கணிதமும் இயற்பியலும் சேர்ந்ததும் உண்டு. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும்.

பட்டம் முடித்த பிறகு ஆசை வந்தவர்களுக்கும் முன்னோடி இருக்கிறார். இயற்பியலாளர் பால் டிராக் 1921-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மின்பொறியியல் முடித்தார். போருக்குப் பிந்தைய மந்தநிலையில் வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் இடம் கிடைத்தும், உதவித்தொகை செலவுக்குப் போதவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகமே கட்டணம் வாங்காமல் கணிதம் படிக்கச் சொன்னது. இரண்டே ஆண்டுகளில் முடித்துக் கேம்பிரிட்ஜ் போனார். எலெக்ட்ரானுக்கான அவரது சமன்பாடு 1928-இல் வந்தது. தோராயங்களைப் பொறுத்துக்கொள்ளப் பொறியியல்தான் தனக்குக் கற்றுத் தந்தது என்று டிராக் கடைசிவரை நன்றியோடு நினைத்துப் பார்த்தார்.

கேத்தரின் ஜான்சனின் கதையில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. பிரெஞ்சையும் கணிதத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் இருந்த கணிதப் பாடங்கள் எல்லாம் அவருக்குத் தீர்ந்துபோயின. டபிள்யூ. டபிள்யூ. ஷீஃபெலின் கிளேட்டர் என்ற ஆசிரியர், அமெரிக்காவில் கணிதத்தில் பிஎச்.டி. பெற்ற முதல் சில கருப்பினத்தவருள் ஒருவர், அவருக்காகவே ஒரு புதிய பாடத்தை உருவாக்கினார்: வெளியின் பகுமுறை வடிவியல். வகுப்பில் ஒரே ஒரு மாணவிதான். கால் நூற்றாண்டு கழிந்து, 1962 பிப்ரவரி 20-ஆம் தேதி விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுவதற்கு முன்பு, கணினி போட்ட பாதைக் கணக்கை ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மேசைக் கணக்கிடும் இயந்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஜான்சன் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தார். எண்கள் ஒத்துவந்தன. கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவிட்டுப் பத்திரமாகக் கடலில் இறங்கினார்.